வரவேற்பறைச் சுவரில் தண்ணீர்

அப்பா சுவரையொட்டி அளவுகோலைப் பிடித்திருந்தார். தெருமுனைப் பாலத்துத் தூணில் படிந்திருந்த வெள்ளக்கறையின் மட்டத்தை சர்வே வேலைக்கு நான் வைத்திருக்கும் லெவல் கருவி வழியே எடுத்து அவரிடம் சொன்னேன். பென்சிலால் கோடு போட்டார். கோடு அவர் முழங்காலுக்கு மேலே நின்றது. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்பா நீர்ப்பறவைகளை வரைபவர். நேரில் பார்க்காததை வரையமாட்டார். மற்றவர்கள் இறக்கையைப் பார்ப்பார்கள்; இவர் காலைப் பார்ப்பார். கால் எவ்வளவு மறைகிறதோ அதுதான் அந்த இடத்தின் ஆழம். எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த சதுப்பில் உட்கார்ந்தே வரைந்து பழகியவர். ஒரு காலையில் போனபோது, நெடுங்கால் உள்ளான்களின் கூடுகள் மேல் லாரிகள் கட்டட இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தன. கூடுகளில் முட்டை இருந்தது. ஸ்டூலை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் பேச்சே குறைந்துபோனது.

அங்கே எழுந்த அடுக்குமாடியின் முதலாளி அவரையே கூப்பிட்டனுப்பினான். வரவேற்பறைச் சுவரில் படம் வேண்டுமாம். "பறவைங்க இங்க எப்படி நின்னுச்சோ அப்படியே, அசல் உயரத்துல வரைஞ்சு குடுங்க சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன்கிட்டயே போய் கைகட்டி நிக்கப்போறீங்களாப்பா?"

"அப்படியேன்னு அவன்தானே கேக்குறான். நீ லெவல் மெஷினை எடுத்துட்டு வா."

பூநாரைகளை வரைந்தார். விரல்கள் வரவேற்பறைத் தரை மட்டத்தில், கால் முக்கால்வாசி தண்ணீருக்குள், தண்ணீர் எங்கள் கோட்டில். உள்ளான் ஒன்றுகூட இல்லை. "இந்த ஆழத்துல அது முங்கிடும்" என்றார்.

முதலாளி கைதட்டினான். வீடு பார்க்க வந்த ஒரு அம்மாள் படத்தையொட்டிய சோபாவில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் மடிக்கு மேலே வந்தது.

"மழைக்கு இவ்ளோ வருமா?"

"வரும்மா. பாலத்துத் தூண்ல கறை இருக்கு, போய்ப் பாருங்க" என்றார் அப்பா.

பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படியே.

மேனேஜர் வந்தார். "தண்ணியக் கொஞ்சம் இறக்கிடுங்க சார்."

"நான் இறக்கினா இறங்கிடுமா?"

"முதலாளி கடுப்புல இருக்காரு சார்."

"வேற ஆள் கை வச்சா திட்டுத்திட்டாத் தெரியும். பெயின்ட் வாங்கிட்டு நானே வர்றேன்."

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தார். வீட்டில் மறுபடி வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதரை மாரடைப்பு கொண்டுபோனது.

மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "அப்பா பெயின்ட் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாரும்மா."

"தெரியும் சார். அதே நிறம் கிடைக்கணுமே, தேடிட்டிருக்கேன். அதுவரைக்கும் சுவத்துல யாரையும் கை வைக்க விடாதீங்க."

பெயின்ட் கடை எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கிறது.