அளக்காமல் வாங்கிய கார்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் என் வேலையே அளப்பதுதான். வந்திறங்கும் சாமான் ஆர்டரில் உள்ளதைவிட ஒரு விரற்கடை கூடினாலும் 'ஏற்பதற்கில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். சட்டைப்பையில் எப்போதும் டேப் இருக்கும். அந்த டேப்போடு போய்த்தான், வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழையாத கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்தேன்.

கார்டு எனக்காக அல்ல. என் மனைவி, லேக் கார்டன்ஸில் எங்கள் ஃப்ளாட்டில் இருந்தபடியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித்தருகிறாள். சென்ற வருடம் அவளுடைய வலது கண்ணின் நடுப்பார்வை போயிற்று. பிறகு இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பில், இங்கே வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, ஓட்டா ப்ளஸ் இல்ல, மைனஸ்" என்றாள். வங்காளத்தில் 'ஓட்டா' என்றால் 'அது'. மனைவி சிரித்துச் சமாளித்தாள். வகுப்பு முடிந்ததும் என்னிடம் சொன்னாள்:

"இந்த பேட்ச் பரீட்ச எழுதற வரைக்கும் இழுத்துப் புடிச்சுட்டாப் போதுங்க. பாதில விட்டுட்டுப் போனவன்னு பேரு வேணாம்."

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் ஒரு பெரிய டிவியை வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். எழுத்து பெரிதானது, ஆனால் தண்ணீரில் நனைந்ததுபோல் கலங்கித் தெரிந்தது. எங்களுடையது அலுவலகங்களில் இருக்குமே, அந்த ஒல்லிப் பெட்டி. வயதும் ஆகிவிட்டது. மின்சாரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும், அத்தனை பெரிய திரைக்குத் தெளிவாகப் படம் தர அதற்குத் தெம்பில்லை. கார்டு போட்டால் சரியாகும் என்றார்கள்.

சாந்தினி மார்க்கெட் கடைக்காரர், "மேபேச்சேன், தாதா?" என்று கேட்டார். பெட்டியை அளந்தீர்களா, அண்ணா என்று அர்த்தம். "அளக்கறதுக்குத்தான் கவர்மென்ட் எனக்குச் சம்பளமே குடுக்குது" என்று அரைகுறை வங்காளத்தில் சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கேள்வி காணாமல் போயிற்று.

வீட்டில் பிரித்துப் பார்த்தால், கார்டு பெட்டியைவிட உயரம். போதாததற்குத் தனி மின்வயர் வேறு கேட்டது. பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளையில் அப்படி ஒரு வயரே கிடையாது. என் அலுவலகமாக இருந்தால் ஒரே வரியில் திருப்பியிருப்பேன். ஆனால் திருப்பப் போனால் கடைக்காரர் முகத்தில் முழிக்கவேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றினேன், கார்டின் தகட்டைக் கழற்றினேன், ஃபுட்பாத்தில் வாங்கிய ஒட்டுவயரை மாட்டினேன். படம் வந்தது. மனைவி திரையருகே வந்து ஒரு வரியின்மேல் விரல் வைத்தாள்.

"மைனஸ் தெரியுது" என்றாள்.

மூன்று நாள் நான் வீட்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். நான்காம் நாள் வகுப்பு நடுவில் 'டப்' என்றொரு சத்தம், கருகல் வாடை, இருட்டுத் திரை.

டாலிகஞ்சில் ரிப்பேர் செய்பவர் பெட்டியின் திறந்த வயிற்றை வெகுநேரம் பார்த்தார். யார் செய்த வேலை இது என்றார்.

"ஒரு முட்டாள்" என்றேன்.

"அவனை இனிமேல் பக்கத்தில் விடாதீர்கள்."

"என்ன பண்றது தாதா, வீட்டோட இருக்கான்."

அவர் சிரிக்கவில்லை. பவர் சப்ளை எரிந்துவிட்டது, இந்த அளவில் தேடித்தான் பிடிக்கவேண்டும், ஒரு வாரமாகும் என்றார்.

அந்த வாரம் என்னால் மறக்கமுடியாதது. மனைவி வகுப்பை நிறுத்தவில்லை. மாணவர்களை ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டு, கணக்கை வரிவரியாக வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். முன்பு மைனஸைத் திருத்திய அந்தப் பெண் ஸ்பீக்கரில் வாசித்துக்கொண்டே போனாள்.

"நில்லு. மூணாவது வரில என்ன குறி?"

"ப்ளஸ், ஆன்ட்டி."

"பிராக்கெட்ட பிரிக்கும்போது வெளிய என்ன இருந்துச்சு?"

"இஷ்... மைனஸ்."

"ம். மாத்திட்டு மேல படி."

கரண்டியிலிருந்து சாம்பார் என் காலில் சொட்டிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பாதி உயரத்தில், தனி வயர் கேட்காத சின்னக் கார்டு. மூடி சரியாக மூடியது. எழுத்து தெளிவாகவே இருந்தது. பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்தார்கள். ஆனால் அதற்குள் மனைவி எழுத்தை மூன்று தடவை பெரிதாக்கச் சொல்லியிருந்தாள். கடைசித் தடவை ஒரு வரிக்கு நாலு எண்தான் திரையில் அடங்கியது. நான் வழக்கம்போலக் கலகலப்பாக, இதைவிடத் தெளிவாகக் காட்டும் கார்டு ஏதோ வந்திருக்கிறதாம், விசாரிக்கிறேன் என்றேன்.

அவள் நாற்காலியைத் திருப்பி, என் குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

"பொட்டி நல்லாத்தாங்க இருக்கு. என் கண்ணுதான் போவுது. அதப் பத்திப் பேச பயந்துகிட்டு ஸ்க்ரூ டிரைவரோட சுத்தறீங்க. அடுத்த தடவ டாக்டர் ரூமுக்குள்ள என்கூட வாங்க. வெளில நின்னு வாட்ச்மேனுக்கு ஜோக் சொல்ல வேணாம்."