மச்சானை விட்டுவிட்டு வந்த பஸ்

அந்த பஸ்ஸின் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கண்டக்டர் வேறு யாருமில்லை, டிரைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. நாலு பெண்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி, மூத்தவள் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்தவன். அந்த மூத்தவளைத்தான் டிரைவர் கட்டியிருந்தார். மச்சானுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். "இவன் நின்னுக்கிட்டே தூங்குவான்" என்று டிப்போவில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்ததும் அவர்தான். விளையாட்டுக்குச் சொன்னது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு சரி. நிற்க ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில். இருவருக்கும் நடுவே அதுதான் பேச்சு.

அன்று விடிகாலையில் டிரைவர் சட்டைப் பொத்தானைப் போடும்போதே மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"பொண்ணு கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்ல. என் தம்பியை இன்னிக்காவது கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

"நீதான் போன்ல சொல்லிட்டியே."

"மாமா வாயால கூப்பிட்டாத்தான் வருவேங்கறான். அவன் வரலேன்னா நானும் மண்டபத்துக்கு வரல. உங்க பொண்ணு, நீங்களே கட்டிக் குடுங்க."

அவள் சொன்னால் செய்கிறவள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் கடல் வந்துவிடும். பிறகு பொழுது சாயும்வரை ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், அதன் அடியில் நீலமாகத் தண்ணீர். பயணிகள் ஜன்னலுக்கு முண்டியடித்துப் படம் எடுப்பார்கள். டிரைவருக்கோ அது கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், அவ்வளவுதான். ஸ்டியரிங்கை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. கல்யாண அலைச்சலில் நல்ல தூக்கம் தூங்கி எத்தனையோ நாளாயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூப்பிட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பார். கண்ணாடியில் மச்சானின் உம்மென்ற முகம் தெரியும். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். பக்கத்தில் இன்னொரு பஸ்ஸும் நின்றது. ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் கண் சொருகி இருக்கையிலேயே சாய்ந்திருந்தார். இரண்டு விசில் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

வெகுதூரம் போனபின் கூடைக்கார அம்மா ஒருத்தி எழுந்தாள். "நான் எறங்கணும். கண்டக்டரை எங்கப்பா காணோம்?"

"கடல்ல குதிச்சிட்டாரோ என்னமோ!" என்றது பின் சீட்டு.

டிரைவருக்குத் தூக்கம் பறந்தது. அடித்தது பக்கத்து பஸ்காரனின் விசில்! வண்டியைத் திருப்ப அந்த ரோட்டில் இடமில்லை. அகலமான ஒரு வளைவில் ஓரங்கட்டிவிட்டு, வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தார். கால்கள் கெஞ்சின. கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு லாரி வந்து நின்றது. டிக்கெட் பையை மார்போடு அணைத்தபடி மச்சான் குதித்தான்.

"வேணும்னேதான விட்டுட்டு வந்தீங்க மாமா?"

"சத்தியமா இல்ல மாப்ளே. எவனோ ஊதினதை நீன்னு நெனச்சுட்டேன்."

"திரும்பி ஒரு வார்த்தை, ஏறிட்டியான்னு கேட்டா வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?"

"கேக்காமலே பழகிப்போச்சுப்பா."

"டிப்போல எழுதிக் குடுத்தேன்னா உங்க வேலை காலி. தெரியுமில்ல?"

"குடு. கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டு, அப்புறமா குடு."

மச்சான் முறைத்தான். "இதுதான் கூப்பிடற லட்சணமா?"

"பின்ன எப்படிடா? மண்டை காய நடுரோட்ல நின்னு கூப்பிடறேன். அன்னிக்கு டிப்போல சொன்னது தப்புதான். தாய்மாமன் இல்லாம என் பொண்ணு கல்யாணம் வேணாம். வா."

மச்சான் கடல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பந்தியை யார் பாத்துக்கறா?"

"இன்னும் யாருமில்ல."

"நெனச்சேன். அக்கா ஒத்தை ஆளா எத்தனைக்குத்தான் அல்லாடுவா?" என்று சிடுசிடுத்தபடி அவருக்கு முன்னால் நடந்தான்.

அதன்பின் வழியெல்லாம் டிக்கெட் கிழித்த நேரம் போக, மச்சான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்காலி போதாது, இலை போதாது, சமையல்காரன் சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். டிரைவர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். தோள்வலி அப்படியேதான் இருந்தது. வளைவுகள் இன்னும் பாதி பாக்கியிருந்தன.