சத்தம் நின்ற கார்

என் மேசையில் கடதாசிகள் பறக்காமலிருக்க ஓர் இரும்பு வளையத்தை வைத்திருக்கிறேன். விரலில் மாட்டிச் சுற்றினால் கரகரவென்று கத்தும். என் பழைய காரின் கிளச் பெயாரிங் அது. மகன் இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டான். இரண்டு தடவையும் நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அவனுடைய காரில் கிளச்சே இல்லை. இது என்னவென்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எழுபதுகளில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கையில் உத்தியோகம், வாசலில் சொந்தக் கார். மிதப்புக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் கிளச்சை மிதித்த மாத்திரத்தில் அந்தக் கார் பிடிபட்ட கோழியைப் போல அலறி என் மானத்தை வாங்கிவிடும். தோட்டத்து லொறி டிரைவர் அண்ணன்தான் அதற்கு வைத்தியர். "கிளாக்கரய்யா காரு கெளம்புனா காலையில பெரட்டுக்கு ஆள் கூப்புடத் தப்படிக்கவே வேணாங்க, ஆளுங்க தானா எந்திரிச்சு வேலைக்கு வந்துருவாங்க" என்று நாலு பேர் முன்னால் கிண்டலடிப்பார். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து புது பெயாரிங் வாங்கி வைத்திருந்தேன். அதைப் போட்டுத் தர டிரைவர் அண்ணனுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அதற்குள், இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களைத் திருப்பியனுப்பும் ஒப்பந்தத்தின்படி, அவருக்கும் அவர் மகனுக்கும் இந்தியா போகும்படி கடதாசி வந்துவிட்டது. மகளை லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அவள் இங்கேதான். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, வழியனுப்ப வர முடியாது. ஸ்டேஷனில் கோச்சி ஏறுவதற்கு முதல்நாள் காலை பஸ்ஸில் போய், மகளையும் பேரனையும் ஒருதரம் பார்த்துவிட்டு வருவதாக இருந்தார். பேரனை அவர் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு எந்தக் கடதாசியும் வரவில்லை. வராது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பயணத்துக்கு முந்தின மாலை அவரிடம் போய், "ஏன் பஸ்ஸிலை இடிபட்டுப் போறியள்? நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "ஒங்களுக்கு எதுக்குங்கய்யா சிரமம்... அப்பிடின்னா அந்த பேரிங்க மாத்திப்புட்டுப் போயிறலாங்க. இந்தச் சத்தத்தோட பதுளை ஏத்த எறக்கமெல்லாம் போனா நடுவழியில நின்னுரும்." அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் நான் கேட்டேனா? அன்றைக்கு இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். இன்றைக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

விடிந்ததும் என் குவாட்டர்ஸ் வாசலில் வேலையைத் தொடங்கினார். கியர்பொக்ஸைக் கழற்றி இறக்கினால்தான் பெயாரிங்கைத் தொடவே முடியும். துருப்பிடித்த ஆணியொன்று உள்ளே முறிந்துபோக, அதைக் கிளறி எடுப்பதிலேயே காலை போய்விட்டது. அவர் போயிருக்க வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. பிறகு பகல் பஸ்ஸின் ஹோர்ன் கீழ் வளைவில் கேட்டது. காருக்கடியிலிருந்து வெளியே வந்தார். எண்ணெய்க் கைகளைத் துணியில் துடைத்தபடி அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் கிடக்கட்டும், நீங்கள் ஓடிப்போய் ஏறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தைதான். நான் கேட்டது, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"கழட்டிப் போட்டத அப்பிடியே விட்டுட்டுப் போக முடியுங்களா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி கீழே படுத்தார்.

மூன்று மணிக்கு முடிந்தது. என்னை உட்காரவைத்து கிளச்சை மிதிக்கச் சொன்னார். பூனை நடந்தால்கூடக் கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி. "இப்ப கேளுங்க!" என்று சிரித்தார். அந்த நேரம் எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. புறப்படும்போதே மழை. பசறையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. அப்போதுதான் சரிந்ததாம். மழையில் இறங்கி, சேற்று மேட்டின் மறுபக்கம் தெரிகிறதா என்று அவர் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து காரில் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்தினார். திரும்பும் வழியில் பண்டாரவளை நெருங்கும்போது, "வண்டி நல்லா ஓடுதுங்கய்யா" என்றார்.

மறுநாள் கோச்சியில் ஏறும்போது மகளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு சேலையைத் தந்தார். செத்துப்போன தன் மனைவியினுடையது.

பாதை திறந்ததும் கொண்டுபோனேன். மகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி லயத்து வீட்டு வாசலுக்கு வந்தாள். "காரு வந்த சத்தமே கேக்கலைங்களே!" என்றாள். சேலையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் மண்சரிவைப் பற்றிச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மண்ணு சாயந்தரந்தானுங்களே சரிஞ்சிச்சு? காலையிலயே எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுக்குப் போயி நின்னாருங்க. பஸ்ஸு வந்துச்சு, அப்பா எறங்கலையாம். ஏங்கய்யா, அப்பாவுக்கு என்ன வேல வந்துச்சு?"

பாதை சரியில்லை என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்து காரில் ஏறினேன். அவள் குழந்தையோடு வாசலில் நின்றாள். கிளச்சை மிதித்தேன். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.

அந்தக் காரைப் பிறகு விற்றுவிட்டேன். கழற்றிய பெயாரிங் மட்டும் என்னோடு இருக்கிறது. வீட்டில் யாருமில்லாத நேரம் எடுத்து விரலில் மாட்டிச் சுற்றுவேன். இன்னும் அதே சத்தந்தான். அந்தச் சத்தத்தோடேயே ஓடியிருக்கலாம், இன்னும் பத்து வருஷத்துக்கு.