தெரசாக்காவுக்கு வந்த போன்

தெரசாக்கா போய்விட்டார்.

காலையில் டீ குடித்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் மகள் போட்ட படம் வந்தது. பூ, மெழுகுவத்தி, கீழே அவர்கள் மொழியில் நாலு வரி... மொழிபெயர்க்காமலே புரிந்துவிட்டது.

நல்லது மட்டும் எழுதி முடித்துவிடலாம். ஆனால் நான் அவருக்குச் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். வைத்திருந்து வைத்திருந்து அலுத்துவிட்டது.

முழுப் பேர் டெரெசிட்டா. பிலிப்பைன்ஸ்காரர். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாக் கட்டுப்பாட்டை எடுத்த புதிதில், ஆர்டர் குவிந்த வருஷங்களில், தையல் தரம் பார்க்க எங்கள் திருப்பூர் கம்பெனிக்கு வந்தவர். நான் அங்கே மெர்ச்சண்டைசர், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை பார்த்துக்கொள்கிற ஆள். வாங்குகிற பையரிடமும் திட்டு, தைக்கிற டெய்லரிடமும் திட்டு.

வந்த ஒரே வாரத்தில் செக்கிங் பெண்கள் அவரைத் தெரசாக்கா ஆக்கிவிட்டார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடக் கற்றுக்கொண்டார். "ஃபினிஷ்ங்க." "ரிஜெக்ட்ங்க."

பச்சை மிளகாய் ஒத்துக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்டு, சைவக்காரரான வீட்டு ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை மட்டும் தவறக் கூடாது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, நீங்களும் கிறிஸ்டியன்தானுங்களே... அந்தம்மாவக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க."

நான் ஞானஸ்நானம் வாங்கியதோடு சரி. ஆறு நாள் ஷிப்மென்டுக்கு ஓடிவிட்டு ஏழாம் நாள் தூங்குகிற கிறிஸ்தவன். அந்தத் தூக்கமும் போயிற்று.

அவருக்குத் தமிழ்ப் பூசையில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எப்போது எழுவது, எப்போது முழங்கால் போடுவது என்று அவரைப் பார்த்துத்தான் நான் செய்தேன். வெட்கக்கேடு.

"புரியாத பூசைக்கு எதுக்குங்க அக்கா?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். உலகம் முழுக்க இன்றைக்குப் பூசையில் ஒரே வேத வாசகம்தானே, ஊரில் என் அம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பார் என்று இங்கிலீஷில் சொன்னார். 

பிறகு, சரக்கு கப்பலேறும் முன் நடக்கிற அந்த ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்.

முந்தின தடவை ஃபெயில். இதுவும் போனால் ஆர்டரும் போகும், என் வேலையும் போகும். பையரின் ஆள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல தெரசாக்கா ஒருவரால்தான் முடியும்.

பத்தரை மணிக்கு ஆபீஸ் லேண்ட்லைனில் அவர் தங்கை. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், அக்கா குரலைக் கேட்க வேண்டும் என்கிறார், ஒரு நிமிஷம் கூப்பிடுங்கள் என்றார்.

வேலையாக இருக்கிறார், அப்புறம் பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரியவே தெரியாது. நானேதான்.

மூன்று மணிக்குத் தங்கை மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அக்காவைக் கேட்கவில்லை. செய்தியை மட்டும் சொன்னார்.

ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். தெரசாக்கா கை தட்டினார், சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் போய்ச் சொன்னேன்.

"இப்பத்தான் போன் வந்துச்சுங்க அக்கா..."

அப்படியே ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். விசா நீட்டிக்கக் கொடுத்திருந்ததால் பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. ஊருக்குப் போக வழியில்லை.

அவர்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு ஒன்பது நாள் கூடி ஜெபிக்க வேண்டுமாம். இங்கே கூடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

செக்கிங் மல்லிகா என்னிடம் வந்தாள். "நாங்க வந்தாத் தப்பில்லீங்களே? எங்களுக்கு உங்க மந்திரமெல்லாம் தெரியாதுங்க. சும்மா கூட உக்காந்துக்கறமுங்க."

ஷிஃப்ட் முடிந்து தினமும் ஏழெட்டுப் பெண்கள் தெரசாக்கா வீட்டுக்கு வந்தார்கள். ஜெபமாலை அரைகுறையாகவாவது தெரிந்த ஆள் நான் மட்டும்தான்... அதனால் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் மாலையின் ஒவ்வொரு மணிக்கும் 'எங்கள் மரண நேரத்திலும்' என்று ஒரு இடம் வரும். ஒவ்வொரு தடவையும் அதை வேகமாகச் சொல்லித் தாண்டினேன்.

ஐந்தாம் நாள் தெரசாக்கா ஆபீஸிலிருந்து தங்கையோடு ரொம்ப நேரம் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அன்றைக்குக் காலையிலேயே கூப்பிட்டதைத் தங்கை சொல்லாமலா இருந்திருப்பார்?

அன்று மாலையும் ஜெபமாலையை என் கையில்தான் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அந்த ஞாயிறு பூசை... எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக் கும்பிடு போட்டு முடித்துக்கொள்வோம். யாரும் இடத்தை விட்டு நகர மாட்டோம்.

தெரசாக்கா எழுந்தார். நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் வந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

என் முன்னால் நின்று கைகூப்பினார். "சமாதானம்ங்க."

நானும் கும்பிட்டேன். 

அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விட்டார். பிறகு மெசஞ்சரில் தினமும் ஒரு வேத வசனப் படம் அனுப்புவார். நான் கட்டை விரல் போடுவேன். அந்தக் காலைப் போனைப் பற்றி எத்தனையோ தடவை எழுதி எழுதி அழித்திருக்கிறேன்.

போய் வாருங்கள் அக்கா. இந்நேரம் அம்மாவிடம் சேர்ந்திருப்பீர்கள். அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று அவர் கேட்டால், என் பேரைச் சொல்லிவிடுங்கள்.