ஏலக்கார அக்கா ஏறிய வண்டி

குருசுக்குப்பத்துக் கரையில், கவிழ்த்துப்போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் மீன் பெட்டியின் மேல் ஏலக்கார அக்கா உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கரையில் இறங்கும் மீனை ஏலம் கூவி விற்பவர் அவர். “நாய் ஏதாவது வளக்குறீங்களாம்மா? உடம்பு முடியலன்னா பாத்துட்டுப் போறோம்” என்று எங்கள் கால்நடை டாக்டரம்மா கேட்டார். “நாயா? இந்தத் தெருவுல ஏது நாயி? பூனகூடக் கெடையாது” என்றார் அக்கா. அவருக்குக் கீழே பெட்டி உறுமியது. அவர் அசரவில்லை. “காலைலேருந்து எனக்கு வயிறு சரியில்ல” என்றார்.

நான் அப்போது நன்கொடையில் நடக்கும் ஒரு விலங்குகள் காப்பகத்தில் வண்டி ஓட்டினேன். அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் ஓட்டல், கொச்சியில் லோடு வண்டி என்று சுற்றினேன். எங்கும் கால் நிலைக்கவில்லை. சாப்பாடில்லாத நாட்களில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறேன்; அதில் சொல்ல ஒன்றுமில்லை. காப்பகம் ஊருக்கு வெளியே இருந்தது. ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டார்கள். தனியார் கிளினிக்கில் அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவைக் கேட்டதுமே பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம், மருந்துச் செலவை முடிந்தவர்கள் கொடுக்கட்டும் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். ஆனால் எங்கள் வண்டியின் பின்பக்கம் கம்பிக் கதவு போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே “நாய் புடிக்கிற வண்டி!” என்று பிள்ளைகள் கத்துவார்கள், தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். முன்பு எப்போதோ அப்படி ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போன நாய்களில் ஒன்றும் திரும்பவில்லையாம். பல வாரங்களாக எங்களைத் தேடி வந்தது ஒரு கோழி மட்டும்தான். அதற்கும் நோயில்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

டாக்டரம்மா மணலில் குந்தி உட்கார்ந்து பெட்டியின் ஓட்டை வழியே பார்த்தார். “நெறைய தண்ணி குடிக்குதா? சாப்பிட மாட்டேங்குதா?” என்று மெதுவாகக் கேட்டார். அக்காவின் முகம் மாறியது. எழுந்து பெட்டியை நிமிர்த்தினார். பழுப்பு நிறப் பெண் நாய். உறுமியதே தவிர எழவில்லை. வயிறு உப்பியிருந்தது. கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, இன்றே எடுக்காவிட்டால் பிழைக்காது என்றார் டாக்டரம்மா. அதைக் கரையில் செய்ய முடியாது.

“வண்டில ஏத்தினா வராதும்மா. இதோட ஆத்தாள அப்பிடித்தான் ஏத்திகினு போனாங்க.”

“அப்ப நீங்களும் ஏறுங்க” என்றார் டாக்டரம்மா.

அக்கா கடலைப் பார்த்தார். படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. தன் மகள் கல்யாணத்தன்றுகூட ஏலத்தை முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாயைத் தூக்கி மடியில் வைத்து, கம்பிக் கதவுக்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“டேய் டிரைவரு, பள்ளத்துல உட்டே, ஒன்ன ஏலம் உட்டுடுவேன்!”

“எவனும் கேக்க மாட்டான்க்கா.”

“அது ஒன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது. ரோட்டப் பாத்து ஓட்டு.”

லாஸ்பேட்டை தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு கண்ணாடியில் பார்த்தேன். நாயின் காதோரம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நெடுநேரம் நடந்தது. அக்கா வாசலில் நின்றபடியே இருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து, பிழைத்துவிட்டது என்று தலையசைத்ததும், அக்கா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அன்று இரவு காப்பகத்திலேயே தங்கி, மயக்கம் தெளிந்த நாயைத் தடவிக்கொடுத்தபடி இருந்தாராம். மறுநாள் காலை, தினமும் ஊசி போடக் கரைக்கே வருகிறேன் என்று சொல்லி டாக்டரம்மா அவர்களை அனுப்பிவைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏலம் நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் பதிலாக அவர் தம்பி மகன் கூவிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது. கம்பிக் கதவைத் திறந்தேன். வயிற்றில் கட்டோடு நாய் மணலில் இறக்கிவிடப்பட்டது. இரண்டு அடி தள்ளாடி, நின்று, வாலை ஆட்டியது. வண்டியில் போன நாய் திரும்பி வந்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. அக்கா வண்டிப் படியில் நின்று கூவினார்: “நல்லாப் பாத்துக்குங்கடி! போனது வந்துடுச்சி! எவ எவ பொட்டிக்குள்ள, கட்டிலுக்கடில ஒளிச்சி வச்சிருக்கீங்களோ, கொண்டாங்க!” பிறகு தம்பி மகனைப் பார்த்து, “நீ இன்னாடா, சாமி கும்புடுறியா? தள்ளு” என்று ஏலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் கரையில் வரிசை நின்றது. சொறி பிடித்தவை, கால் ஒடிந்தவை, குட்டியோடு ஆடு, வீட்டுக்காரரைக் கடித்த ஒரு கிளி. அந்தக் கிளியை மட்டும் அக்கா பாராட்டினார்.

அக்கா இப்போது காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார், நாயும் அவரோடுதான். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. வண்டியின் பின்புறத்தில் வளர்ப்பவர்கள் உட்கார ஒரு பலகை அடித்திருக்கிறேன். போன வாரம் எங்கள் ஊரின் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் முதல்முறை போய் நின்றோம். கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு பெண், வீங்கிய வயிற்றோடிருந்த ஆட்டின் கயிற்றை விடாமல், “ஏத்திகினு போனா திருப்பிக் கொண்டாந்து உடுவீங்களா?” என்று கேட்டார். நான் பலகையைத் துணியால் துடைத்தேன்.

“நீங்களும் ஏறுங்கக்கா. ஆட்டுக்குப் பக்கத்துலயே உக்காருங்க.”