கண்ணாடிக்குள் என் சிவப்புத் தொலைபேசி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தண்ணீர்ப் பம்புகளுக்குக் கம்பி சுற்றுவதை எவரும் சொல்லித்தராமலே பழகினேன். கொக்குவிலில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை போட்டேன். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி பாடவைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஒழுங்கையில் முதல் தொலைபேசிக் கடையைத் திறந்தவனும் நானே. சனம் அதைக் 'கொமினிக்கேசன்' என்றது.

கடையை மூடியபோது பழைய இரும்புக்காரனிடம் போட்ட அந்தச் சிவப்புத் தொலைபேசியைப் போன மாதம் திரும்பக் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் சின்னத் தொலைபேசி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். கைப்பிடி உடைந்த இடத்தில் நான் உருக்கி ஒட்டிய தழும்பு அப்படியே இருந்தது. கீழே ஒரு மட்டை: 'பொதுத் தொலைபேசி. நடத்தியவர் தெரியாது.'

கடை நடந்த காலத்தில், வெளிநாடு போன ஊர்ப் பிள்ளைகள் அதற்கு எடுத்து, "அம்மாவைக் கூப்பிடுங்கோ, திரும்ப எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார்கள். என் மனைவி சைக்கிளில் பறப்பாள். தாய்மார் நல்ல சீலை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள்.

"அக்கா, உங்கடை மகனுக்குச் சீலை தெரியாது. கெதியா ஏறுங்கோ" என்பாள்.

ஒரேயொரு முறை, சாமான் வாங்கக் கொழும்புக்குப் போன இடத்திலிருந்து நானே என் கடைக்கு எடுத்தேன்.

"அலோ, ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"நீங்களோ? சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். நீர் என்ன செய்யிறீர்?"

"உங்களோடை கதைக்கிறன். சரி, வையுங்கோ. கனடாவிலையிருந்து எடுப்பினம், லைனை மறிக்காதேங்கோ."

வைத்துவிட்டாள். ஊரே மணிக்கணக்காகப் பேசிய தொலைபேசியில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் ஒரே வளவுக்குள் இருந்தோம், தொலைபேசி எதற்கு? கைத்தொலைபேசி வரமுன்னரே அவள் போய்விட்டாள். அவளுடைய முகத்துக்குப் படம் இருக்கிறது. குரலுக்கு ஒன்றும் இல்லை.

ஆசிரியர் கண்ணாடியைத் திறந்துவிட்டார். எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஐயா, அதிலை லைன் இல்லை."

"தெரியும் மாஸ்டர். கொஞ்சம் பொறுங்கோ."

அவரும் பொறுத்தார். பிறகு, மட்டையை மாற்றுவதென்றால் ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றார். தழும்பைக் காட்டினேன். அது காணாதாம், எழுத்தில் வேண்டுமாம்.

ஆகவே எழுதித் தருகிறேன். கடையை அமைத்து நடத்தியவன் நான். சைக்கிளில் போய் ஊரைக் கூட்டிவந்தவள் என் மனைவி. 'தெரியாது' என்ற சொல்லை எடுத்துவிட்டு இரண்டு பெயரையும் அந்த மட்டையில் போட வேண்டும். என்னுடையது முதலில்.