சாரலுக்கு முன் ஒரு ‘ஸ்கூட்’

சாரல் விழும் மாதங்களில் குற்றாலத்தில் சீட்டுக்கட்டு நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பவுடர் தட்டித்தான் பிரிக்க வேண்டும்; ஆனால் எனக்குப் பத்து வயதான அந்த ஆனியில், எங்கள் லாட்ஜ் வராந்தாவில் கலைத்த சீட்டுகள் பொரித்த அப்பளம் போலச் சடசடத்தன.

எங்கள் லாட்ஜ் என்பது பேச்சுக்கு. தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா, சரக்கெடுக்க வைத்திருந்த பணத்தையெல்லாம் போட்டு, அந்த ‘சீசனு’க்கு மட்டும் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சாரல் வந்தால் அருவி, அருவி விழுந்தால் ஆள், ஆள் வந்தால் அறை. வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஆனி முக்கால்வாசி கழிந்தும் அருவிப்பாறை காய்ந்தே கிடந்ததால், நான் மணிக்கொருதரம் மொட்டைமாடிக்கு ஓடி மேகம் பார்த்தேன். வயதை மட்டும் மன்னித்திருந்தால், வானிலை நிலையத்துக்கு என்னைவிடப் பொறுப்பான ஊழியர் கிடைத்திருக்க மாட்டார்.

தங்க ஆளில்லாத மத்தியானங்களில் அப்பாவும் அவருடைய சிநேகிதரான செங்கோட்டை அண்ணாச்சியும் ரம்மி ஆடினார்கள், கை குறைகிறதென்று என்னையும் உட்காரவைத்தார்கள். மரக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குப் பணத்துக்கும் பொறுமைக்கும் குறைவில்லை. ஒருநாள் சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “மலை வெறிச்சுனு கெடக்கு வே. மிச்ச சீசனை நான் பாத்துக்கிடுதேன். நீரு போட்டதுல பாதி தாரேன்.”

அப்பா மலையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்துவைத்தார். கை சரியில்லையென்று ஆட்டத்திலிருந்து விலகுவதை ‘ஸ்கூட்’ என்பார்கள். “சரி அண்ணாச்சி, நான் ஸ்கூட்” என்று சாவிக்கொத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பாதி வந்தால் கடை பிழைக்கும். நானோ பதற்றத்தில் கையிலிருந்த ஜோக்கரையே இறக்கிவிட்டேன். சீட்டாடத் தெரிந்த எவனும் செய்யாத காரியம் அது.

அந்த வாரமே காற்று திரும்பியது. மலை மறைந்தது, தென்காசித் தெருவிலேயே சாரல் அடித்தது, ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியது. எங்கள் வீட்டில் இட்லி தின்றோம். “ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதான்னு நான் கேக்க மாட்டேன்” என்றாள் அம்மா. “சரி, கேக்காத” என்று அப்பா இன்னொரு இட்லி வைக்கச் சொன்னார். அருவியைப் பார்த்துவிட்டாவது வரலாமே என்று நான் இழுத்ததற்கு, “கவுத்திட்டு எந்திரிச்சவன் அடுத்த சீட்டைத் தூக்கிப் பாக்கக் கூடாதுலே” என்றார்.

ஆனால் அடுத்த சீட்டு தானாகவே கடைக்கு வந்தது. லாட்ஜில் அறையெல்லாம் நிறைந்து, குளியலறைகளுக்கு வாளி போதாமல், நனைந்த குடையோடு அண்ணாச்சி வந்து நின்றார். குடையை மடக்கிக்கொண்டே, “ஒமக்கு நேரம் அமையல வே” என்றார்.

“பச்சை வாளியா அண்ணாச்சி, நீலமா?” என்று கேட்டார் அப்பா.

அண்டாக்களுக்குப் பின்னால் நின்றிருந்த நான், அப்பாவின் குரல் இப்போது உடையும், இப்போது உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை. எனக்குத்தான் விக்கல் எடுத்தது, அதுவும் அண்ணாச்சி பரிதாபப்பட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு.

லாட்ஜ் இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. கடை இல்லை, அண்ணாச்சி இல்லை, அப்பாவும் இல்லை. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதைச் செல்போனே காட்டிவிடுவதால் மலையை அண்ணாந்து பார்த்துக் குத்தகை பேசுகிறவர்களையும் காணோம். நான் விட்டு விலகிய வேலை, அவசரப்பட்டு விற்ற மனை, எல்லாவற்றின் இன்றைய நிலவரத்தையும் தினமும் தேடிப் பார்க்கிறேன். அப்பா அன்று விலகியது சரியா என்று யோசித்தால், எப்படிப் பார்த்தாலும் சரி என்றே வருகிறது. அந்த மலையைப் பார்த்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். தப்புச் செய்திருந்தால் ஒருநாள் உட்கார்ந்து அவரைத் திட்டி முடித்திருப்பேன். சரியாகச் செய்தும் தோற்றவரைத் திட்ட வழியில்லாமல், இத்தனை வருடமாக அந்த அடுத்த சீட்டையே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.